காய்ச்சல் இல்லாத நாற்பத்து மூன்று வீடுகள்

"வூட்ல யாருங்க?"

இடுப்பளவு உயரமுள்ள கல்வீட்டின் முன் குனிந்து நின்று கேட்கிறார் பொன்னுரங்கம். நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், முன்பக்கத்தில் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. துளையிலிருந்து ஓர் ஓணான் எட்டிப் பார்க்கிறது. "காய்ச்சல் கீய்ச்சல் யாருக்காவது இருக்குதா?" என்பது அடுத்த கேள்வி. வெற்றிலை ஒன்று மடித்துப் போடும் நேரம் காத்திருக்கிறார். பிறகு வாசலில் குச்சியில் நிற்கும் தகரத் துண்டில் சாக்பீஸால் தேதியைப் போட்டு, பக்கத்தில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்.

"பூட்டிக் கெடந்தா மறுநாளும் வந்து பாக்கணும் சார். அது ரூல்" என்றார் என்னிடம். பெருங்கற்காலத்துக் கல்லறைகளான அந்த வீடுகள் பூட்டிக் கிடப்பது இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களாக. உள்ளே இருந்தவர்கள் இறந்த பிறகுதான் அங்கே குடிவந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, ரூல் ரூல்தான்.

கல்வராயன் மலை அடிவாரத்தில், வடக்கனந்தலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் வரும் மேட்டுத்தாங்கல் அவர் ஊர். மலேரியா ஒழிப்பில் முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாக மருந்தடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். காக்கிப் பை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், சுவரும் கூரையும் இருந்தால் அது வீடு என்று மேலதிகாரி சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, ஊரை ஒட்டிய மேட்டிலிருந்த கல்வீடுகளுக்கும் எண் போட்டு மருந்தடித்திருக்கிறார். மறுமாதம் பதிவேட்டைப் பார்த்த அதிகாரி அலறிக்கொண்டு வந்தாராம்.

"எத்தினி பேர் இருக்காங்கன்னு கேட்டாரு. யாரும் இல்லீங்கன்னேன். எங்க போனாங்கன்னாரு. தெரியலீங்க, நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னேன்."

இந்த உண்மைக்காக அவரை மலைமேல் கடைசி ஊருக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அறுபத்தொரு வீட்டில் பதினெட்டைக் காணோம். ஒன்றின் மூடுகல் டீக்கடை பெஞ்சாகியிருந்தது. இன்னொன்று பம்புசெட்டில் துணி துவைக்கப் போயிருந்தது. மிச்சம் வாய்க்கால் பாலத்துக்கு. ஆனால் அவர் போட்ட எண் மழையில் அழியாமல் நின்ற வீடுகளில் ஒரு கல்லைக்கூட யாரும் தொடவில்லை. அன்றைக்குக் கண்டுபிடித்ததுதான் பொன்னுரங்கத்தின் மொத்தத் தொல்லியலும்: "நம்பர் இல்லாத கல்லு வெறும் கல்லு. நம்பர் போட்டுட்டா வூடு. வூட்டுக் கல்ல எவன் பேத்துக்கினு போவான்?"

கல்லில் பெயிண்ட் அடித்ததற்கு ஒரு பேராசிரியர் வந்து கடுமையாகத் திட்டினார். பொன்னுரங்கம் மூன்று மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, இந்தத் தகரத் துண்டுகளை நட்டார். அதோடு நிற்கவில்லை. கல்வீடு ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு குடும்பத்தைப் பக்கத்து வீடாக நியமித்தார். பழமையான சின்னம் என்று சொன்னால் கொட்டாவி விடுகிற ஊர், பக்கத்து வீடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்து வீடு என்றால் எட்டிப் பார்க்கலாம், கதை பேசலாம், சண்டை போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்டில் கூட்டம். பதினேழாம் எண்ணின் பக்கத்து வீடு ராஜாம்பாள். கரும்பு வெட்டப் போகிறவர். "பதினேழுல புருசன் பொண்டாட்டி. ஒத்துப் போவல, அதான் மாமியார்காரிய பதினெட்டுல தனியா வெச்சுட்டாங்க" என்று அவர் உறுதியாகச் சொல்ல, பதினெட்டாம் எண்காரர்கள் அங்கே இருந்தது குள்ள ராஜா என்று எகிற, பொன்னுரங்கம் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொள்கிறார். எது சரி என்று கேட்டேன். "நான் எழுதறவன் சார், தீர்ப்பு சொல்றவன் இல்ல." மழையில் கறுப்புச் சிவப்புப் பானை ஓடு ஏதாவது மேலே வந்தால், எல்லாரும் பார்த்துத் தடவி முடித்ததும் கிடந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த வீட்டுச் சாமானை எடுத்தால் அதற்குப் பெயர் வேறாம். கேலியாக நாலு வரி எழுதிவிட்டு வரலாம் என்று போனவன் நான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு வீடு ஒதுக்கச் சொல்லிக் கேட்டேன். காலி இல்லை என்றுவிட்டார்.

போன தை மாதம் ரோட்டுக்கு உத்தரவு வந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் வயல்வரை வருவதற்காக. ஊரே கேட்டு வாங்கிய ரோடு. அது இல்லாமல் கட்டு கட்டாகக் கரும்பைத் தலையில் சுமந்தவர்கள்தான் ராஜாம்பாளும், பொன்னுரங்கத்தின் மனைவி செல்லியம்மாளும். ஆனால் போட்ட கோடு பதின்மூன்று கல்வீடுகளின் மேலே ஏறிப் போயிற்று.

பொக்லைனோடு வந்த காண்டிராக்டரைக் கும்பிட்டுத் தடுத்து, "வூட்ட இடிக்கறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணுங்க" என்றார் பொன்னுரங்கம். காண்டிராக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிழவனை அவன் பேச்சிலேயே மடக்குவோம் என்று, குடியிருப்பை ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் எனப் பதின்மூன்று நோட்டீஸ் அடித்து, ஆபீஸ் முத்திரையும் வாங்கி, எண் வாரியாக அனுப்பியும் விட்டார். ஆள் இல்லாத வீட்டுக் காகிதத்தைப் பக்கத்து வீடு வாங்கலாம் அல்லவா, பதின்மூன்று குடும்பங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கின. திங்கட்கிழமை மனுக் கூட்டத்தில் அந்தக் காகிதங்கள் மேசைமேல் விழுந்தன. அதிகாரி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வீடு என்று எழுத்தில் இருக்கிறது. இல்லை என்று எழுத யாரும் முன்வரவில்லை. ரோட்டை நகர்த்தி அளக்கச் சொல்லி உத்தரவாயிற்று.

சர்வேயர் காசிநாதன் அளக்க வந்த அன்று நானும் இருந்தேன். மேட்டுக்கு வடக்கே ஏரி. தெற்கே புறம்போக்குத் துண்டு. அதில் ஒரே ஒரு சிமெண்ட் ஷீட் வீடு. நகர்த்திய கோடு அதன் சமையல்கட்டை வெட்டிக்கொண்டு போகிறது.

"இந்த வூட்டு நம்பர் இன்னா?" என்றார் சர்வேயர்.

"இதுக்கு நம்பர் இல்லீங்க. என் வூடு" என்றார் பொன்னுரங்கம்.

சர்வேயர் வாசலில் குச்சி ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தார். "ஊரெல்லாம் தகரம் நட்டீங்க. இங்க ஒண்ணு நட்டிருந்தா நோட்டீஸாவது வந்திருக்கும் பெரியவரே."

"என் வூட்டுக்கு நானே போட்டுக்கினா அது ஊழலுங்க."

சமையல்கட்டுக்குள்ளிருந்து செல்லியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "செத்தவங்க வூட்ட எல்லாம் காப்பாத்திட்ட. உசுரோட இருக்கறவ எங்க அடுப்பு மூட்டறது, சொல்லு."

பொன்னுரங்கம் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "நமக்குக் காலு இருக்குதே செல்லி. கொஞ்சம் தள்ளிக்கலாம். அவங்க இன்னா பண்ணுவாங்க?"

சர்வேயர் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு, நாளைக்கு வரட்டுமா என்று இழுத்தார். பொன்னுரங்கம் அவர் கையிலிருந்து நாடாவின் முனையை வாங்கிக்கொண்டு, ஷீட்டுக்கு அடியில் குனிந்து சமையல்கட்டுக்குள் போனார். அடுப்புக்கு மேலே, கரி படிந்த சுவரில், கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தொங்குது பாருங்க. நல்லா இழுத்துப் புடிங்க சார், ரோடு கோணலாப் பூடும்."