எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு துப்பாக்கி

லாரித் தொழிலில் தார்ப்பாய் கிழிந்தால் பத்துப் பேர் போன் போட்டு விசாரிப்பார்கள். டிரைவர் மண்டை கிழிந்தால் லோடு எப்போது வரும் என்று ஒருத்தர் மட்டும் விசாரிப்பார். ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பிடிக்காதவர்களும் ஏதாவது ஒரு ஆபீஸ் பெஞ்சில் மனுவும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் பால்பண்ணை ஸ்டாப் பக்கம் லாரி கழுவி, பிறகு ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி வாங்கியவன். வீடு துவாக்குடியில். வாழ்க்கையில் பேரம் பேசாமல் எனக்குக் கிடைத்தது அப்பா வைத்த பெயர் ஒன்றுதான். அந்தத் திமிரோடு துப்பாக்கி லைசென்ஸ் கேட்கப் போன கதை இது.

சரக்கு பத்திரம்

துவாக்குடிப் பட்டறைகளில் செய்யும் இரும்புச் சாமான்களை மகாராஷ்டிராவுக்கு ஏற்றிப் போவோம். திரும்பும்போது வெங்காயம். போவோம் என்றால் நானும் சேவியரும். பதினோரு வருஷமாக என்னோடு மாற்றி மாற்றி ஓட்டுகிறவன். திரும்பும் வழியில், மகாராஷ்டிராவுக்குள்ளேயே, எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலை ஏற்றம் உண்டு. லோடு வண்டியும் ஒரு ஆடும் சேர்ந்து கிளம்பினால் ஆடுதான் முதலில் உச்சிக்குப் போகும்.

போன வருஷம், பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பின்னால் தொற்றி ஏறிய ஒருத்தன் கயிற்றை அறுத்து மூட்டைகளைத் தள்ள, அவனோடு வந்த மினி வேன் அவற்றைப் பொறுக்கிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்த சேவியர் கத்திக்கொண்டே குதித்து ஓடினான். ஒரே கல். நேராக நெற்றியில். நான் வண்டியை நிறுத்தி, ஜாக்கி லிவரைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அவர்கள் வேனில் ஏறிக் கிளம்பினார்கள். ஓடவில்லை, சார். சாவகாசமாகக் கிளம்பினார்கள். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றில் எரிகிறது.

ஏழு தையல். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வெங்காய மண்டிக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது இது: "தையல் போட்டாச்சுல்ல? அப்ப நாளைக் கழிச்சு சரக்கு இறங்கிடும்ல?"

சேவியரின் கண்டிஷன்

பாலக்கரையில் சேவியர் வீட்டுக்குப் போனேன். தலையில் கட்டோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். இனி அந்த ஏற்றத்துக்கு வரமாட்டேன் என்றான். பேட்டாவை ஏற்றித் தருகிறேன் என்றேன், தலையை ஆட்டினான். ஹெல்மெட் வாங்கித் தருகிறேன் என்றேன். உள்ளேயிருந்து அவன் மனைவி ஸ்டெல்லா, "அதை நீங்க போட்டுக்கிட்டு, நீங்க இறங்கி ஓடுங்கண்ணே" என்றாள்.

வேறு ஆளைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வடக்கு லைனுக்கு இரண்டு டிரைவர் வேண்டும். யார் கையில் ஸ்டியரிங் இருந்தால் எனக்குத் தூக்கம் வருமோ அவன்தான் எனக்கு டிரைவர். அப்படி ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் வராவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் நான் மறுபடி பால்பண்ணையில் வாளியைத் தூக்க வேண்டியதுதான். கடைசியில் சேவியரே ஒரு வழி சொன்னான்: "எல்லாத்தையும் பேரம் பேசி வாங்குவீங்களே அண்ணே, கவர்மென்ட்டுகிட்ட ஒரு துப்பாக்கி பேசி வாங்குங்க. அது வர்ற அன்னைக்கு நானும் வரேன்."

வீட்டுக்கு வீடு துப்பாக்கியா?

துப்பாக்கி வாங்குவது எப்படி என்று யாரிடம் கேட்பது? துப்பாக்கி செய்கிறவரிடம்தான். திருவெறும்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பாலு எனக்குப் பழைய சிநேகிதர். டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். நம் ஊரிலேயே செய்கிற சாமானுக்கு நான் ஏன் இத்தனை அலைய வேண்டும், உள்ளூர்க்காரனுக்கு ஒரு சலுகை கிடையாதா என்று சத்தம் போட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

பாலு கோபப்படவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தஞ்சு வருஷமா துப்பாக்கி செய்யறேன். என் வீட்ல இருக்கறது ஒரு கொசு மட்டை. அதுவும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

கூறு கட்டிய மாநிலங்கள்

லைசென்ஸ் ஆபீஸில் ஒரு அம்மா என் மனுவை வாங்கிப் பார்த்தார். துப்பாக்கி லைசென்ஸ் வழக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தமிழ்நாட்டுல எனக்கு என்னம்மா பயம்? பயமே பார்டர் தாண்டித்தான் ஆரம்பிக்குது. லாரிக்கு ஒரே காகிதத்துல நேஷனல் பெர்மிட் குடுக்கறீங்க. லாரி ஓட்டறவனுக்கு மட்டும் ஓசூரோட முடிஞ்சிடுமா?" என்றேன்.

நாடு முழுக்க வேண்டுமென்றால் தனிக் காரணம் காட்ட வேண்டும், லேசில் கிடைக்காது என்றார். விடுவேனா? நாடு முழுக்க வேண்டாம், மூன்று மாநிலம் போதும் என்று இறங்கினேன். அவர் அசையவில்லை. கர்நாடகாவை விட்டுத் தருகிறேன் என்றேன். தமிழ்நாட்டையே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மகாராஷ்டிரா மட்டும் கொடுங்கள் என்றேன். கடைசி விலையாக, "அந்த எட்டுக் கிலோமீட்டருக்கு மட்டும் குடுங்க. ஏத்தம் முடிஞ்சதும் பெட்டியில வச்சுப் பூட்டிடறேன்" என்றேன். பின்வரிசையில் நின்றவர்கள் கைதட்டாத குறை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்: "ஏங்க, இங்க என்ன மாநிலத்தைக் கூறு கட்டி விக்கிறோமா?"

நானே வைத்துக்கொண்ட ஆப்பு

மனு விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வந்தது. இங்கே நான் செய்த தப்பை ஒப்புக்கொள்கிறேன். பழைய லாரி வாங்கப் போனால், அதன் குறைகளை அடுக்கிக்கொண்டே போவது எங்கள் வழக்கம். டயர் மொட்டை, கியர் நழுவுது, பாடி ஆடுது என்று சொல்லச் சொல்ல விலை இறங்கும். அதே பழக்கத்தில் மனுவிலும் எழுதித் தள்ளியிருந்தேன்: கயிற்றை அறுக்கிறார்கள், தார்ப்பாயை உருவுகிறார்கள், பேட்டரியைக் கழற்றுகிறார்கள், சாப்பிட இறங்கினால் ஸ்டெப்னி காணாமல் போகிறது, ஒருமுறை செருப்பையும் விடவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். மனுவை முதலிலிருந்து கடைசி வரை வரி விடாமல் படித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி; கட்சி பலமாக இருக்கிறது என்று நினைத்தேன். அவர் காகிதத்தை மடித்து, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "செருப்பையே காப்பாத்த முடியலைன்னு எழுதியிருக்கீங்க. உங்ககிட்ட துப்பாக்கியைக் குடுத்தா, அந்தத் துப்பாக்கியைக் காப்பாத்த யாரை அனுப்புறது?"

வேடுபறி

எனக்கு லோடு தருகிற பட்டறை முதலாளி ராகவன் சாமிக்கு ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. மார்கழியில், மனசு ஆறட்டும் என்று வேடுபறி பார்க்கக் கூப்பிட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெருமாள் குதிரையில் வருவார், வழிப்பறிக்காரர்கள் மறித்துக் கொள்ளையடிப்பார்கள், அந்தக் கொள்ளைக்காரரைப் பெருமாள் ஆட்கொண்டு ஆழ்வார் ஆக்கிவிடுவார். ஜனம் கையெடுத்துக் கும்பிடுகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. சேவியர் மண்டையில் கல் போட்டவனையும் நாளைக்கு நான் சேவிக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிட்டேன். நாலு பேர் திரும்பி முறைத்தார்கள்.

"சங்கு, சக்கரம், கதை, வாள், வில்லுன்னு அஞ்சு ஆயுதம் வச்சிருக்காரே உங்க பெருமாள், அதுக்கெல்லாம் எந்த ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கினார்?" என்றேன். ராகவன் சாமி சிரித்தாரே தவிர, கோபிக்கவில்லை: "அஞ்சு ஆயுதம் இருந்தும் அவருக்கே வழிப்பறி நடந்துடுத்து. நீ ஒத்தைத் துப்பாக்கியை நம்பிண்டு இந்தக் குதி குதிக்கறே!"

திருஷ்டிப் பொட்டு

பங்குனியில் பதில் வந்தது. மனு நிராகரிப்பு. உயிருக்கு ஆபத்து இருப்பதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று ஒரு வரி. அன்றைக்கே மேல்முறையீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பாலக்கரைக்குப் போனேன். துப்பாக்கி இல்லை, ஆகவே சேவியரும் இல்லை, வண்டியை விற்கப் பேச வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அதற்கு முன்னால் காகிதத்தை நீட்டினேன்.

ஒருமுறை படித்தான். மறுமுறை சத்தமாக, ஸ்டெல்லாவுக்குக் கேட்கும்படி படித்தான். அவன் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். கல் விழுந்த அன்றுகூட அவனுக்கு வராத கோபம் அது. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையை எடுத்தான். ஸ்டெல்லா தடுக்கவில்லை, டிபன் கேரியரைக் கழுவப் போனாள். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே சேவியர் கேட்டான்: "காரணம் இல்லையாமா? அப்ப இது என்ன, திருஷ்டிப் பொட்டா? வண்டியை எடுங்கண்ணே!"

ஏற்றம்

இந்தத் தடவை வெங்காயத்தோடு ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்ததும் நான் ஏறவில்லை. சாலையோர தாபாவில் நிறுத்தி, வருகிற தமிழ்நாட்டு வண்டிகளை எல்லாம் மறித்தேன். தனித்தனியாகப் போனால் தனித்தனியாகத்தான் தையல் என்று கத்தினேன். தாமதமானால் முதலாளி திட்டுவார் என்று முனகியவர்களுக்கு சேவியரின் நெற்றியைக் காட்டினேன். ஐந்து வண்டி சேர்ந்தது. ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினோம். கடைசியாக எங்கள் வண்டி. மூட்டைகளுக்கு மேல் பின்பக்கம் பார்த்தபடி சேவியர் உட்கார்ந்திருந்தான். மடியில் ஜாக்கி லிவர், துண்டு சுற்றியிருந்தது.

நாலாவது கிலோமீட்டரில் அதே மினி வேன். கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. சேவியர் அசையவில்லை; மடியில் இருந்ததை மட்டும் அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டான். வேன் நின்றது. திரும்பிப் போனது. இந்த முறை சாவகாசமாக அல்ல.

உச்சியில் எல்லோரும் இறங்கி டீ குடித்தோம். முன்வண்டி நாமக்கல்காரர் துண்டுச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து, துப்பாக்கிதானே என்று ரகசியமாகக் கேட்டார். சேவியர் சொன்னான்: "இல்லண்ணே, இது மேல்முறையீடு."

ஆக, என் வெங்காயத்துக்கும் வண்டிக்கும் பன்னிரண்டு டயருக்கும் பெர்மிட் எல்லா மாநிலத்திலும் செல்லும், சேவியர் மண்டைக்கு மட்டும்தான் இன்னும் பார்டர் இருக்கிறது.