இருமல் இல்லாத படம்

கச்சிராயபாளையத்தில் சனிக்கிழமை விடிந்தால் தைரியநாதனின் போன் ஓயாது. வயர் அறுந்துபோச்சு, நெட்டு சுத்திக்கினே இருக்குது என்கிற புகாரெல்லாம் மற்ற நாட்களுக்கு. சனிக்கிழமைக்கு ஒரே கேள்விதான்: "அண்ணே, நேத்து இன்னா புதுசா வந்திருக்குது? எதப் பாக்கலாம்?"

அவர் கேபிள்காரர். கேபிள் படுத்துவிட்ட பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கிறவர். ஏணியையும் வயர்ச் சுருளையும் வண்டியில் கட்டிக்கொண்டு கோமுகி அணைப் பக்கத்து ஊர்கள் தொடங்கி மலையேறி வெள்ளிமலை வரைக்கும் போய்வருவார். புதுப் படம் எது வீட்டுக்கு வந்தாலும் அவர் வாயால் "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை வரவேண்டும். வந்துவிட்டால் அன்றைக்குத் தெருவே அந்தப் படத்தைப் பார்க்கும். "மொத அரை மணி நேரத்த ஓட்டி வுட்டுடு, அப்பறம் ஜோரு" என்பார். அப்படியே இருக்கும். "அந்தத் தொடர நாலாவது பாகத்தோட நிறுத்திக்கோ" என்பார். பேச்சைக் கேட்காமல் ஐந்தாவதையும் பார்த்தவர்கள் அவரிடமே வந்து நொந்துகொள்வார்கள்.

உண்மை என்ன தெரியுமா? அந்த மனுசன் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பகலெல்லாம் கம்பம் ஏறி இறங்குகிற உடம்பு. பாயில் சாய்ந்தால் பெயர் ஓடி முடிவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். படம் பார்ப்பது அவர் மனைவி ஆனந்தமேரி. தையல் மெஷினுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊர் ஜாக்கெட்டுகளைத் தைத்தபடியே, வந்த படம் வந்த தொடர் ஒன்றையும் விடமாட்டாள். ராத்திரி சோறு போடும்போது எது தேறும், எது தேறாது என்று அவருக்குச் சொல்வாள். அதை மறுநாள் இவர் தன் சொந்தச் சரக்காக ஊருக்கு அவிழ்த்து விடுவார். மேரியின் பெயரைத் தப்பித்தவறிக்கூடச் சொன்னதில்லை. அவளும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஒருநாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்குப் போய் இந்த மனுசன், "எந்நேரமும் படமே பாத்துக்கினு இருந்தா இப்பிடித்தான். உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று கத்தித் தொலைத்தார். யாரிடம் என்ன பேசுகிறோம் என்கிற யோசனை வேண்டாமா?

ஆனந்தமேரி சண்டை போடவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "சரிங்க. இனிமே நீங்களே பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு வேளாவேளைக்குக் காபி வந்தது, சோறு வந்தது, கதை மட்டும் வரவில்லை.

பார்த்து அந்த வாரம்தான் தமிழரசன் வந்து நின்றான். அவன் அப்பா நாராயணசாமி கரும்பு விவசாயி, தைரியநாதனின் பழைய சிநேகிதர். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருமாதி.

நாராயணசாமியைத் தெரியாத சினிமாக் கொட்டகை கள்ளக்குறிச்சியில் கிடையாது. படத்தில் யாராவது ஒரு தடவை இருமினால் போதும், "இவன் இடைவேளைக்குத் தாங்க மாட்டான்!" என்று கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பார். முன் வரிசை திரும்பி முறைக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பச்சையம்மாள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். ஆனால் அவர் சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை, இருமினவன் போய்த்தான் சேர்வான். "வாயக் கட்டிக்கினு படம் பாக்க மாட்டியா நீ?" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வருவாள் பச்சையம்மாள்.

அந்தப் பக்கத்தில் கருமாதி முடிந்ததும் துக்க வீட்டுக்காரர்களை மாமன் மச்சான்கள் சினிமாவுக்கு அழைத்துப் போவது வழக்கம். துக்கம் மாற்றுவது என்பார்கள். புருஷனை இழந்தவள் வாசல் தாண்டக்கூடாது என்று அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். யாருக்குத் துக்கம் ஜாஸ்தியோ அவளுக்குப் படம் கிடையாது! என்ன நியாயமோ போங்கள். தமிழரசன் அதை மாற்ற நினைத்தான். வீட்டிலேயே பெரிய டிவியில் புதுப் படம் போட்டுவிட்டால் அம்மாவும் பார்க்கலாமே.

"அம்மா இன்னும் அழவே இல்லண்ணே" என்றான். "பேசவும் இல்ல. சோறு குடுத்தா துன்னுது, இல்லன்னா செவுத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்குது. எனக்குப் பயமா இருக்குது. அது ஒரு வாட்டி சிரிச்சிட்டா போதும். நீதான் நல்ல படமா சொல்லணும். ஆனா யாரும் சாவக்கூடாது. மாலை போட்ட போட்டோகூட செவுத்துல மாட்டியிருக்கக் கூடாது."

"இதெல்லாம் ஒரு மேட்டரா தமிழு? நான் பாத்துக்கறேன், போ" என்று அனுப்பிவிட்டார் தைரியநாதன். வாய் இருக்கிறதே!

அன்று சாயங்காலம் போனைக் கையில் எடுத்தவருக்கு வேர்த்துவிட்டது. ஒரு படத்தின் முகப்பில் அரிவாள், அடுத்ததில் பிணத்தைச் சுற்றிப் போலீஸ். வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று போட்டிருந்த படத்தில் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐயோ சாமி, இந்த நாட்டில் ஆள் சாகாமல் ஒரு படம் எடுக்கமாட்டார்களா? குடும்பப் படமாக ஒன்றைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். விழித்துப் பார்த்தபோது போன் மூஞ்சி மேல் கிடந்தது, படம் முடிந்திருந்தது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ஆனந்தமேரி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தாள். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். மானம் தடுத்தது.

மறுநாள் அணைக்கரையில் சடையனைப் பார்த்தார். மலை மேலே ஆடு வளர்க்கிறவன். அவன் ஊரில் சிக்னல் கம்மி என்பதால் வாரத்துக்கு ஒரு தடவை கீழே இறங்கி, வண்டி மேல் உட்கார்ந்தபடியே வாரத்துக்கு வேண்டிய படங்களைப் போனில் இறக்கிக்கொண்டு போவான்.

"ஒரு ஆட்டுப் படம் வந்திருக்குதுண்ணே. பிரமாதம்" என்றான் சடையன்.

"அதுல யாராவது சாவறாங்களா?"

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாது. கடைசி வரைக்கும் நல்லா இருக்குது. மத்தவங்களெல்லாம் நான் அவ்வளவா கவனிக்கலண்ணே."

அதோடு விட்டாரா? ஓர் ஆட்டைக்கூடக் கொல்ல மனசு வராத ஆள் எடுத்த படத்தில் மனுசனைக் கொன்றிருப்பானா என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். முகப்பில் ஆட்டைச் சுற்றி ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. போதாதா! தமிழரசனுக்குப் போன் போட்டு, "நானே பாத்தேன். அருமையான படம்" என்றார்.

கருமாதி முடிந்த சாயங்காலம் நாராயணசாமி வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பச்சையம்மாள் நடுவில், ஒரு பாயில். அவளுக்கு இந்தப் பக்கம் மகள் ஜெயசுதா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் யாருமில்லை. தைரியநாதன் நிலைப்படி ஓரமாக, தூங்கிவிடக்கூடாது என்று நின்றுகொண்டே பார்த்தார்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆடு கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து மாலையைத் தின்றது. கூடமே சிரித்தது. பச்சையம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசன் தைரியநாதனை நன்றியோடு திரும்பிப் பார்த்தான். இவரும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் கதாநாயகனின் அப்பா, துண்டை வாயில் வைத்துக்கொண்டு லேசாக இருமினார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் பச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். தைரியநாதன் மீசையிலிருந்து கையை எடுத்தார். நைசாகப் பின்பக்கம் நழுவி, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"மேரி, அந்த ஆட்டுப் படத்தப் பாத்தியா?"

"எனக்குத்தான் வேற வேலையே இல்லியே. பாத்தேன்."

"அதுல அப்பா இருமறாரு."

"இருமுவாரு."

"சாவறாரா?"

தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தப்புதான் மேரி. கொழம்பு தெனம் தெனம் அடிபுடிக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். சொல்லு தாயே."

மெஷின் நின்றது. "இடைவேளைக்கு முன்னாடி போயிடுவாரு. ஒப்பாரி வேற இருக்குது. ஆமா, யாரு வூட்ல போட்டிருக்கீங்க?"

"நாராயணசாமி வூட்ல."

"அட பாவி மனுசா! ஓடுங்க, ஓடிப்போயி நிறுத்துங்க!"

அவர் விழுந்தடித்து உள்ளே ஓடினார். அதற்குள் அந்த அப்பா இரண்டாவது தடவை இருமிவிட்டார். தமிழரசன் ரிமோட்டை அழுத்திவிட்டான். துண்டும் கையுமாக அந்த ஆள் திரையில் அப்படியே நின்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தைரியநாதனுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இவன் இடைவேளைக்குத் தாங்க மாட்டான்!"

சொன்னது பச்சையம்மாள். அதே சத்தம், அதே இழுப்பு. சொன்ன கையோடு அவள் வலது கை தானாகவே பக்கத்தில் போய்க் கிள்ளியது. காலியாகக் கிடந்த பாயைக் கிள்ளியது. கையை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, மூச்சு முட்டி, அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயசுதா அவளைக் கட்டிக்கொண்டாள். தமிழரசன் ரிமோட்டைப் போட்டுவிட்டு வந்து அம்மா மடியில் விழுந்தான். பச்சையம்மாள் அத்தனை நாளாக அடைத்துக்கொண்டு கிடந்ததையெல்லாம் மனசு தீர அழுது தீர்த்தாள்.

பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்தி, "ஏண்டா நிறுத்தின? போடு. உங்கப்பா சொல்லு சரியா இல்லியான்னு பாக்க வாணாமா?" என்றாள்.

போட்டார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்த அப்பா கண்ணை மூடினார். "பாத்தியா!" என்று பெருமையாகத் தலையை ஆட்டினாள் பச்சையம்மாள்.

படம் முடிந்ததும் தமிழரசன் தைரியநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எப்பிடிண்ணே இப்பிடி ஒரு படத்தப் புடிச்ச?"

எப்போதும்போல் ஏதாவது அளக்கலாம் என்று வாயெடுத்தார். பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்தார், முடியவில்லை. "இது ஒண்ணுதாம்பா நான் பொறுக்குனது. பாக்காமலே பொறுக்குனேன். இத்தினி வருசமா ஊருக்குச் சொன்னதெல்லாம் எங்க வூட்டுக்காரி பாத்துச் சொன்னது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் முதல் போன் பச்சையம்மாளிடமிருந்து வந்தது.

"சொல்லுக்கா. இந்த வாரம் புதுசா..." என்று ஆரம்பித்தார் தைரியநாதன்.

"நீ சொல்ல வாணாம். மேரிகிட்ட போனக் குடு."

ஆனந்தமேரியின் இரண்டு கையிலும் துணி இருந்தது. அவர் போய்ப் போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சையம்மாளின் குரல் அவருக்கும் கேட்டது.

"மேரி, புதுசா வந்ததுல எதுலயாவது யாராவது இருமறாங்களா? அதச் சொல்லும்மா, போட்டுப் பாக்கறேன்."