வழியில் பாத்ரூம் இல்லாத மாரத்தான்

இன்று காலை சிவகாசியில்...

நானும் என் நாத்தனார் ராஜியும் முதல்முறையாக அரை மாரத்தான் ஓடினோம்!

(நாள் முழுக்க உட்கார்ந்து காலண்டர் டிசைன் செய்கிறவள் நான். சிரிக்காதீர்கள்.)

ஏற்பாடு அருமை. வழி நெடுகத் தண்ணீர், வாழைப்பழம், கடலைமிட்டாய், கைதட்ட ஆட்கள்.

நாரணாபுரம் பக்கம் வரும்போது ராஜி தள்ளாடினாள். என்னைவிட வேகமாக ஓடுகிறவள். முகம் வெளுத்து, அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ராஜி, தண்ணி குடிச்சியா?"

"இல்ல மதினி."

"எதுக்கு? வழியெல்லாம் அம்புட்டு பாட்டில் வச்சிருக்காகள்ல?"

"குடிச்சா எங்க போறது? எங்கனயாவது ஒரு பாத்ரூம் பார்த்தீகளா? எந்திரிச்சதுல இருந்தே நான் குடிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. அதே காரணம்தான்! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

ஆண்கள் கருவேலம் புதர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு ஓட்டத்தைத் தொடர்கிறார்கள். (குறை சொல்லவில்லை. அவசரம் எல்லோருக்கும்தான்.)

எதிர் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடி வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலையாம். ஞாயிறு என்பதால் லீவு. விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா தண்ணி குடிக்காம ஓடுதீக? உள்ள வாங்க. பாத்ரூம் பின்னால இருக்கு. மொதல்ல இதக் குடிங்க."

உப்பும் சீனியும் போட்ட எலுமிச்சை ஜூஸ். ராஜி முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

அக்கா அதோடு நிற்கவில்லை. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற பெண்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, பாத்ரூம் போகணும்னா இங்கன வாங்க! கூச்சப்படாதீக!"

ஒருத்தி வந்தாள். பின்னாலேயே இன்னும் சிலர். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு முற்றத்தில் வரிசை! இத்தனை பேரும் அடக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள்.

ஒரு கல்லூரிப் பெண் அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போய் ஒரு சானிட்டரி பேட் எடுத்து வந்து கொடுத்தார். அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

"ஆட்டோ பிடிச்சுப் போயிருவோமா?" என்று ராஜியிடம் கேட்டேன்.

"நடந்தாவது முடிக்கணும் மதினி."

நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மெடல் கொடுத்தார்கள்!

ஏற்பாட்டாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"லேடீஸ் கொஞ்சப் பேருதான வாராகன்னு... நாங்க அத யோசிக்கவே இல்லைங்க."

"கொஞ்சப் பேரு வாரதே இதனாலதான் சார்" என்றாள் ராஜி.

சண்டை வரும் என்று பயந்தேன். அவரோ சட்டென்று, "அடுத்த தடவை எங்கெங்க வைக்கணும்னு நீங்களே வந்து காட்டுவீகளா?" என்றார்.

"வாரோம். துணி மாத்த ஒரு ரூமும் வேணும். பேட் எல்லா ஸ்டால்லயும் இருக்கணும்" என்றாள் ராஜி.

"கண்டிப்பா செய்றோம்மா."

வீட்டுக்கு வந்ததிலிருந்து ராஜி யார் யாருக்கோ போன் போட்டு, ஓட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரே கேள்விதான். ஓடுகிற தோழிகளே, நீங்களும் தண்ணீர் குடிக்காமல்தான் ஓடுகிறீர்களா?