மோட்டார் பாய்

பையிலிருந்து முதலில் டைமர் வெளியே வரும். ஜீப்பின் பானட்டில் அதை வைத்துவிட்டு, செம்புக் கம்பிச் சுருள், டெஸ்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்புவார் சிராஜுதீன். "இது டைமரு. ஏலக்கா ஒலத்துற எடத்துல சூடு எத்தன மணி நேரம் ஓடணும்னு வைக்கிறது. இது மோட்டாருக்குக் காயில் கட்டுற கம்பி."

போடிமெட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். "எங்களுக்குத் தெரியாதா பாய்? வெரசா ஏறுங்க" என்பாள் பெரியம்மாள். ஜீப்பில் ஒரு புதுமுகம் இருந்தாலும் பையைக் காட்டாமல் அவர் ஏறமாட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. போடியில் மோட்டார் பழுதுபார்க்கிறார். போனில் யார் கூப்பிட்டாலும், "எத்தன எச்பி?" என்று கேட்ட பிறகுதான் பெயரைக் கேட்பார். டீயை ஆறவைத்து, பச்சைத் தண்ணீர்போல ஒரே மடக்கில் குடிப்பார்.

போன வருடம் வடக்கே ஒரு நகரத்தில் குண்டு வெடித்தது. அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு மதத்தின் பெயரையும் பயங்கரவாதத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உரக்கடை ஜெகதீஷ், ஜீப்பில் மடிமேல் டைமரை வைத்துக்கொண்டு வந்த சிராஜுதீனைப் படமெடுத்து, "போடிமெட்டு ஜீப்பில் டைமருடன் தாடிக்காரர். உஷார்!" என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்தது.

மறுநாள் போலீஸ் அழைத்துப்போனது. ஏலத்தோட்டக்காரர் பிரேம்சிங் வந்து, "எங்க மோட்டாரு எல்லாத்தையும் இவருதான்யா பாக்குறாரு" என்று சொன்ன பிறகு, சாயங்காலம் அனுப்பிவைத்தார்கள். அவர்மேல் குற்றமில்லை என்ற செய்தி எந்தக் குழுவிலும் வரவில்லை.

"ஸ்டேசன்ல மரியாதையாத்தான் நடத்துனாங்க" என்றார் என்னிடம். "தெருவுலதான். மூணு நாளா எல்லாரும், 'நல்லாருக்கீங்களா பாய்?'னு கேட்டாங்க. இருவது வருசமா அப்பிடி யாரும் கேட்டதில்ல. அதுதான் பயமா இருந்துச்சு."

தாடியை எடுத்துவிடச் சொன்னார் மனைவி மைமூன். "எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க" என்று விட்டுவிட்டார்.

போன மாதம் ஜெகதீஷிடமிருந்தே போன். சிலமலைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் கத்துகிறது, வாழை காய்கிறது, வேறு இருவர் பார்த்தும் தெரியவில்லை. "அவனுக்கா போறீங்க?" என்றார் மைமூன். சிராஜுதீன் இரண்டு நாள் வேறு வேலைகளைப் பார்த்தார். மூன்றாம் நாள் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

மோட்டார் அறை வாசலில் ஜெகதீஷ் நின்றிருந்தான். நாற்பது வயது ஆள். முகத்தைப் பார்க்க முடியாமல் வாழையைப் பார்த்தான். "பாய், அன்னைக்கு நான்... டிவில அப்பிடியே சொல்லிக்கிட்டு இருந்தாங்களா, பயந்து..."

சிராஜுதீன் ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் அலறியது. நீளமான திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடினார். பேசவந்த ஜெகதீஷை ஒரு கையால் நிறுத்தினார். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"பேரிங்கு" என்றார். பிறகு திருப்புளியை எடுக்காமல், ஜெகதீஷின் தோளைப் பிடித்து மெல்லக் குனியவைத்து, கைப்பிடியை அவன் காதில் வைத்தார்.

"எஞ் சொல்ல நம்பாதீங்க தம்பி. நீங்களே கேளுங்க."