அண்ணி கூட்டிய அரை மீட்டர்

எங்கள் அண்ணியிடம் துணி காயப்போடலாமா என்று கேட்டால் பதில் வராது. "ஆபீஸ் நேரத்துல போன் பண்ணிக் கேளு" என்பார். வானிலை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் மட்டும் பிடி கொடுக்கவே மாட்டார். ஒருமுறை அவர் முகம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி, இருந்த போர்வையெல்லாம் துவைத்துப் போட்டேன். மதியம் கொட்டித் தீர்த்தது. "என் முகத்தைப் பாத்தா துவைச்ச? நல்லா வேணும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

படகுத்துறையில் ஐஸ் பேக்டரிக்கு மேல்மாடிதான் அவர் அலுவலகம். கீழே மெஷின் ஓடினால் மேலே மேசையில் இருக்கும் டம்ளர் தானாக நகரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரில் விரிகுடாவின் வரைபடம், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் துறை தெரியும். விரிகுடா வெளிக்கடலோடு சேரும் இடம், நாங்கள் வாசல் என்று சொல்வது, அது தெரியாது. குன்று மறைக்கும். காலை ஆறு மணிக்கு அண்ணி வயர்லெஸ்ஸில் அறிக்கை வாசிப்பார். குடாவுக்குள் எப்படி, வாசலில் எப்படி, வெளியே எப்படி. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு. படகுக்காரர்கள் எல்லாரும் டீயோடு நின்று கேட்போம்.

கேட்டுவிட்டு அரை மீட்டர் கழிப்போம்.

அதைச் சொல்லியாக வேண்டும். அண்ணி வாசலுக்கு இரண்டு மீட்டர் அலை என்றால், போய்ப் பார்த்தால் ஒன்றரைதான் இருக்கும். ஒன்றரை என்றால் ஒன்று. வருஷக்கணக்காக இப்படித்தான். எங்களைப் பயமுறுத்தி வைக்க அரசாங்கம் கூட்டிச் சொல்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவர் கூட்டுவார், நாங்கள் கழிப்போம். கடைசியில் கணக்கு சரியாக வந்துவிடும். சிறு படகுகளுக்கு எங்கள் வரம்பு ஒன்றரை மீட்டர். அதுவும் கழித்த பிறகு. இதை அண்ணி காதுபட யாரும் பேசியதில்லை. பேசினால் அந்த மனுஷிக்கு அவமானம் என்று ஒரு மரியாதை.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு கப்பல் வந்து வாசலில் மஞ்சள் மிதவை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலையை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதில் வருவதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று அண்ணிக்கு மேலிடத்து உத்தரவு. அவரும் அப்படியே வாசிக்க ஆரம்பித்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் கூட்டமாட்டேன் என்று சொன்னால் இத்தனை நாள் கூட்டினேன் என்று ஆகிவிடுமே. அடுத்த இரண்டு வாரமும் கடல் குளம் போலக் கிடந்ததால் எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கியதும் பருவ முன்னோட்டம் ஒன்றை எழுதித் துறையில் ஒட்டினார். இந்தப் பருவத்தில் காற்று மிதமாக இருக்கும், ஆனால் தூரத்துப் புயல்களிலிருந்து வரும் நெடிய அலைகள் வழக்கத்தைவிட அதிகம் என்று போட்டிருந்தது. நாங்கள் முதல் பாதியைப் படித்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். எங்கள் லட்சணம் அது!

அந்தக் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காற்று பேருக்குத்தான். அண்ணி வாசலுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் என்று வாசித்தார். பதினொரு படகு கிளம்பினோம். எங்கள் படகில் நானும் அண்ணனும். அண்ணன் என்ஜினைப் பிடிப்பார், நான் வலையையும் வயர்லெஸ்ஸையும் பார்த்துக்கொள்வேன். அண்ணன் பேசுகிற ரகம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான்.

வாசலுக்குக் கால் மணி தூரம் இருக்கும்போது முன்னால் போன படகிலிருந்து மீசைக்காரர் வயர்லெஸ்ஸில் கேட்டார். "வாசல் எவ்வளவு சொன்னாங்கப்பா? என்ஜின் சத்தத்துல கேக்கல."

"அண்ணி கணக்குல ஒன்னே முக்கால், நம்ம கணக்குல ஒன்னே கால். ராஜா மாதிரி போலாம்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது பொதுச் சேனல். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாரு பேசினது? தம்பியா?" அண்ணியின் குரல். "இப்ப என்ன சொன்ன?"

"ஒன்னுமில்ல அண்ணி."

"அரை மீட்டர் எதுக்குக் கழிச்ச?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. "நான் மட்டும் இல்ல அண்ணி, எல்லாரும்தான் கழிக்கிறோம். நீங்க கூட்டித்தானே சொல்வீங்க?"

பெட்டியில் வெறும் இரைச்சல். ஐஸ் மெஷின் ஓடுவதுகூடப் பின்னால் கேட்டது. பிறகு அவர் பேசியபோது அது அறிக்கை வாசிக்கிற குரலாக இல்லை.

"எல்லாப் படகும் கேளுங்க. எட்டு வருஷமா நான் வாசல் அலையில அரை மீட்டர் கூட்டித்தான் சொல்லிட்டிருந்தேன். தப்புதான். ஆனா மிதவை வந்ததுலேர்ந்து கூட்டல. இன்னைக்கு ஒன்னே முக்கால்னா ஒன்னே முக்கால்தான். யாரும் கழிக்காதீங்க. தயவுசெஞ்சு கழிக்காதீங்க!"

மீசைக்காரர் நம்பவில்லை. "மேடம், வானத்தைக் கொஞ்சம் பாருங்க. இலைகூட அசையல. பயமுறுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"காத்து இங்க இல்லைங்க. ரெண்டு நாள் தூரத்துல ஒரு புயல், அதோட அலை இப்பதான் வந்து சேருது. குடாத் தண்ணியும் வெளிய இறங்குற நேரம், வாசல்ல ரெண்டும் முட்டும். இதோ வாசிக்கிறேன், இது மிதவை அனுப்பினது. ஆறு மணிக்கு ஒன்னே முக்கால். ஆறு நாப்பதுக்கு ஒன்னு புள்ளி ஒன்பது. இப்ப வந்தது ரெண்டு புள்ளி ஒன்னு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு என் கையிலிருந்து வயர்லெஸ்ஸை வாங்கினார். அவர் அதில் பேசி நான் பார்த்ததே கிடையாது.

"நெஜமான நம்பரா?" என்று கேட்டார்.

"நெஜமான நம்பருங்க. ஒரு துளிகூடக் கூட்டல." அண்ணியின் குரல் உடைந்தது. "திரும்பி வாங்க."

அண்ணன் படகைத் திருப்பினார். எங்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். மீசைக்காரர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் போனார். திடீரென்று அவர் படகு வட்டமடித்து, எங்களையும் தாண்டிக்கொண்டு துறைப் பக்கம் பறந்தது. என்ன ஏது என்று எழுந்து நின்று பார்த்தேன். வாசலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே வெள்ளை. பெரிய பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து உடைந்தன. மிதவை இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு கால் மணி நேரம் முந்தியிருந்தால் நாங்கள் அதற்குள் இருந்திருப்போம். வாய்க்கொழுப்பு என்று வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கொழுப்புக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

துறையில் அண்ணி நின்றிருந்தார். வேலை நேரத்தில் அவர் மாடியிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. காலில் செருப்புகூட இல்லை. விரலை மடக்கி மடக்கிப் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றும் வந்து சேர்ந்த பிறகுதான் கையை இறக்கினார்.

"என் தப்புதான்" என்றார் எல்லாரிடமும். "மிதவை வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. மேலிடத்துக்கும் நானே எழுதிடறேன்."

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "நாங்க மட்டும் என்ன மேடம், திருட்டுத்தனமாக் கழிச்சவங்கதானே" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் கயிற்றைக் கட்டிவிட்டு நிதானமாக ஏறி வந்தார். சத்தம் போடப் போகிறாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"எட்டு வருஷமா?" என்றார்.

"ம்."

"என்கிட்டகூடச் சொல்லல. மேலிடத்துல சொல்லியா கூட்டின?"

"யாரும் சொல்லல. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் இருக்கறதை அப்படியேதான் வாசிச்சேன்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம் ஆன ரெண்டாம் வாரம் நீங்க வாசலைத் தாண்டிப் போனீங்க. திரும்பி வர்ற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரல. மறுநாள் அலையை எழுதறப்ப, இன்னும் அரை மீட்டர் இருந்தா நீங்க போகமாட்டீங்களேன்னு எழுதிட்டேன். அப்புறம் நிறுத்தவே முடியல."

எங்களுக்கு அரசாங்கம் காட்டிய பயம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம், ஒரு பெண் புருஷனுக்காகப் பட்ட பயம். அதைத்தான் தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே கழித்துக்கொண்டிருந்தோம். என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து அண்ணியிடம் கொடுத்தார். பிறகு, "இனிமே உள்ளதை உள்ளபடி சொல்லு" என்றார். "நீ சொல்றதை நான் கேக்கறேன். போகாதேன்னு தோணினா அதையும் வாயால சொல்லு. அதுக்கும் நின்னுடறேன்."

அண்ணி தலையாட்டிவிட்டு மாடி ஏறினார்.

மதியத்துக்கு மேல் நீர் ஏறத் தொடங்கியது. வலையைச் சரிபார்த்துக்கொண்டு எல்லாரும் துறையிலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டரை மணிக்குப் பெட்டியில் அண்ணி வந்தார். வாசலில் அலை ஒன்று புள்ளி மூன்று, இறங்கிக்கொண்டிருக்கிறது, மாலை ஆறு வரை தாங்கும் என்று வாசித்தார். வழக்கமாக அதோடு முடிப்பவர், கொஞ்சம் நிறுத்தி, "போயிட்டு வாங்க" என்றார்.

அண்ணன் என்ஜினைக் கிளப்பினார்.