ஒரு கேட்ச்சின் விலை

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தான் மிஷின் வேண்டாம்ங்காக. நீ கெளம்பி வா."

சிவகாசியில் அத்தானுக்குச் சின்னதாக ஒரு அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கடைகளுக்கு விலைப்பட்டியல். இருப்பது இரண்டு கலர் மட்டும் அடிக்கிற மிஷின். நான்கு கலர் லேபிள் கேட்டு வருகிறவர்களை வேறு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் கமிஷனோடு திருப்திப்பட வேண்டும். சாத்தூர் பக்கம் ஓர் அச்சகத்தை மூடப்போகிறார்கள், அங்கே நல்ல நிலையில் நான்கு கலர் மிஷின் இருக்கிறது என்று தெரிந்ததும், அக்கா தன் சீட்டை எடுத்து முன்பணம் தயார் செய்திருந்தாள். ஆடியில் லேபிள் ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். அதற்குள் மிஷின் வந்து இறங்கினால் இரண்டு பட்டாசுக் கம்பெனிகள் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தன. இறங்காவிட்டால் இந்த வருடச் சீசன் போச்சு, அந்தக் கம்பெனிகளும் போச்சு.

அந்தப் பணத்தில் அத்தான் கிரிக்கெட் கார்டு வாங்கப் போகிறாராம். கையில் பிடிக்கிற கார்டு இல்லை. போனுக்குள் இருப்பது.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. ஒன்று சரியாக வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், எங்கே செய்யாது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். விருதுநகரில் பஸ் ஏறித் திருத்தங்கல் வருவதற்குள் சந்தேகங்களை மனதில் வரிசைப்படுத்திவிட்டேன். கார்டு விற்கும் கம்பெனி போலியாக இருக்கலாம். கம்பெனி நிஜமாக இருந்து விலை போலியாக இருக்கலாம். விலையும் நிஜமாக இருந்து, விற்கும்போது பணம் வெளியே வராமல் இருக்கலாம். யாரோ அத்தானுக்கு ஆசை காட்டியிருக்கலாம். அத்தானே அக்காவிடம் முழுதாகச் சொல்லாமலும் இருக்கலாம்.

போனதும் அத்தான் மறைக்காமல் போனை நீட்டினார். பத்து விநாடி வீடியோ. எல்லைக்கோட்டின் மேல் ஒருவர் பின்பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கையால் பந்தைப் பிடிக்கிறார்.

"எப்பிடிப் பறக்கான் பாரு!"

"இத நெட்டுல சும்மாவே பாக்கலாமே, அத்தான்."

"பாக்கலாம். வச்சுக்கிட முடியுமா?"

"வச்சு என்ன செய்யப் போறீக, தாளிக்கவா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

கார்டு விற்கிற அந்தச் செயலி எப்படி நடக்கிறது என்று அத்தானே விளக்கினார். மேட்ச்சில் நடந்த ஒரு கணத்தை வெட்டி எடுத்துக் கம்பெனி கார்டாக்குகிறது. இத்தனை பிரதிதான் என்று அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு விற்கிறது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்கலாம். அதற்கு மேல் கம்பெனிக்கு அதில் வேலை இல்லை, ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுப்பதைத் தவிர.

"வெல எதனால ஏறுது?" என்று கேட்டேன்.

ஆட்டக்காரருக்குப் பேர் இருக்க வேண்டும். அந்த மேட்ச்சில் ஜெயித்திருந்தால் நல்லது. பிரதி குறைவாக இருக்க வேண்டும். ஒன்றாம் நம்பர் கார்டுக்கும், ஆட்டக்காரரின் சட்டை நம்பரும் கார்டு நம்பரும் ஒன்றாக அமைந்ததற்கும் தனி மவுசு. எல்லாவற்றுக்கும் மேலே, அதே கேட்ச்சைக் கம்பெனி மறுபடி வெளியிடாது என்ற உறுதி.

"வெளியிட மாட்டான்னு எப்பிடித் தெரியும்?"

"எழுதிக் குடுத்திருக்கான்ல."

பேர் போன கம்பெனியின் லேபிள் வேலை முடிந்ததும், அத்தான் அச்சகத்தில் அந்தப் பார்ட்டியை வரச்சொல்லி, அவர் கண் முன்னால் அச்சுப் பிளேட்டின் குறுக்கே ஆணியால் கீறிவிடுவார்கள். கீறாத பிளேட் இருந்தால் கள்ள லேபிள் அடிக்க ஒரு மதியம் போதும்.

"எழுதிக் குடுத்தாப் போதும்னா, நீங்க எதுக்குப் பார்ட்டி முன்னால நின்னு பிளேட்டக் கீறுறீக? இங்கன யாரு கீறுனா?"

"நீ எல்லாத்தையும் இப்பிடித்தான் பாப்ப. பொண்ணு பாக்க வந்தவன்கிட்டயே ஆதார் கேட்டவ."

"கேட்டதுல என்ன தப்பு?"

"அவன் காப்பியக்கூடக் குடிக்காமப் போயிட்டான், பாவம்."

அவர் ஏமாந்த மனிதர் போலப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது, அது ஊர்க்கணக்கு. சீசன் இல்லாதபோது மலிவாக எடுக்க வேண்டும், சீசனில் விற்க வேண்டும். உலகக் கோப்பை வரும்போது இதற்குத் தீபாவளி. எல்லாரும் வாங்க வருவார்கள். அதனால் தை மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்திருந்தார். அத்தனையும் அதே கேட்ச்.

"ஒரே ஐட்டமாவா?"

"கலந்து வாங்குறவன் சில்லறக் கடைக்காரன். லோடு எடுக்கிறவன் ஒரே ஐட்டமாத்தான் எடுப்பான். வாங்குனதுல இருந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு, நீயே பாரு. மிச்சம் வெளிய கெடக்கிறதையும் எடுத்துட்டம்னா சரக்கு பூராம் நம்ம கையில. பெறகு வெல நாம வச்சதுதான்."

மிச்சத்தை எடுக்கத்தான் மிஷின் பணம்.

சாப்பிட்டுவிட்டு அவர் படுத்ததும் நான் என் போனில் அந்தச் செயலியை இறக்கி, அதன் பழைய விற்பனை விவரங்களைத் திறந்து உட்கார்ந்தேன். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்படி அதிலேயே இருக்கிறது. ஆளின் பெயர் இருக்காது, எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் மட்டும். விலை படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. இயல்பாக ஏறுகிற எதுவும் அவ்வளவு ஒழுங்காக ஏறாது.

கொஞ்ச நேரத்தில் ஆள் சிக்கினான். குறைந்த விலைக்கு ஒரு கார்டு விற்பனைக்கு வந்தால் போதும், ஒரே அடையாளம் வந்து அதை வாங்கிவிடுகிறது. அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் அவனே. மலிவானது காணாமல் போகப் போக, மிச்சம் இருப்பதில் மலிவானதன் விலை மேலே போகிறது. செயலி அதைத்தான் அந்தக் கார்டின் விலை என்று காட்டுகிறது. விலையைத் தூக்கிப் பிடிக்கக் கம்பெனி வைத்திருக்கும் ஆள் என்று முடிவுகட்டினேன். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வாரத்தில் மட்டும் அவன் எதுவும் வாங்கவில்லை. அதையும் கவனித்தேன். ஏமாற்றுக்காரன் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு எதற்கு லீவு விடுகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அத்தான் எழுந்து வந்ததும் போனைக் காட்டினேன். "இந்த ஆளப் பாருங்க. இவன்தான் வெலைய ஏத்துறான். கம்பெனி ஆளு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"இது நாந்தாம்மா."

அக்கா வெடித்துச் சிரித்தாள். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

"கீழ வந்தா விடுவனா? ஒடனே தூக்கிருவேன்" என்றார் அத்தான், கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

"அத்தான், ஏறிக்கிட்டே இருக்குன்னு சொன்னீகளே. ஏத்துனது நீங்கதான். நீங்க வாங்குனதுனால ஏறுச்சு, ஏறுனதுனால வாங்குனீக."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தான் போனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆரம்பத்தில் வேறு சிலர் வாங்கியிருந்தார்கள். மாசிக்குப் பிறகு அநேகமாக இவர் ஒருவர்தான்.

ஆனாலும் அவர் விடவில்லை. "நல்லதாப் போச்சு. போட்டிக்கு ஆள் இல்ல. அம்புட்டுச் சரக்கும் நமக்குத்தான்."

பட்டாசில் அது சரியான யோசனைதான்.

"கேக்க ஆளு வேணும்லங்க" என்றாள் அக்கா.

"உலகக் கோப்பை வரட்டும்."

"இப்ப ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டுங்க. நான் சீட்டுப் பணத்தக் கையில தாரேன்."

அதை அவர் சவாலாக எடுத்துக்கொண்டார். செயலி காட்டிய விலைக்கே ஒரு கார்டைப் போட்டார். மாலை காப்பி முடிந்தது, கோயிலுக்குப் போய்வந்தோம், யாரும் வாங்கவில்லை. மறுநாள் காலையில் விலையைக் கொஞ்சம் குறைத்து நாலைந்தாகப் போட்டார். குறைத்த அந்த நொடியில், அவரிடம் இருக்கிற மொத்தச் சரக்கின் மதிப்பு என்று மேலே நின்ற எண் சரிந்தது. இன்னும் குறைத்தார். இன்னும் சரிந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார்.

"ஏன் எல்லாம் சேந்து எறங்குது? நான் போட்டது நாலஞ்சுதான?"

"இருக்கிறதுலயே மலிவாக் கெடக்கிற கார்டு என்ன வெலையோ, அந்த வெலையாலதான் உங்க மொத்தச் சரக்கையும் பெருக்கிக் காட்டுறான். அது யாரும் குடுக்கிறேன்னு சொன்ன வெல இல்ல. நீங்க கேக்கிற வெல."

அவர் மேசை மேல் அந்த வாரம் அடித்த விலைப்பட்டியல் கட்டு கிடந்தது. இங்கே பட்டாசு விலைப்பட்டியலில் அச்சிடுவது ஒரு விலை. பெரிய எழுத்தில் தள்ளுபடி என்று போட்டுவிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்பது நிஜ விலை. வெளியூர்க்காரர்கள்தான் அச்சிட்ட விலையைப் பார்த்து மலைப்பார்கள்.

அவர் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருசம் பூராம் வெலப்பட்டியல் அடிக்கிறவன் நானு" என்றார். "எனக்கே அடிச்சிருக்கானே."

மதியம் சாத்தூரிலிருந்து போன் வந்தது. மிஷினைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறது, வேண்டுமானால் உடனே வாருங்கள் என்றார் அந்த அச்சகத்து அண்ணாச்சி. அத்தான் "பாக்கேன்" என்று வைத்துவிட்டு மறுபடி செயலியைத் திறந்தார். அக்கா உள்ளே போய்ப் பையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

"வாரீகளா, நாங்க ரெண்டு பேரு மட்டும் போகவா?"

சாத்தூரில் அத்தானைப் பார்க்க வேண்டுமே. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டார். ரோலரை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினார். இதுவரை எத்தனை தாள் ஓடியது என்று காட்டும் கவுண்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று நேராகவே கேட்டார். ஓட்டிக் காட்டியபோது இரண்டாவது யூனிட்டில் கலர் மயிரிழை விலகியதைப் பிடித்துவிட்டு, சரிசெய்யச் சொல்லி, காகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டவைத்தார்.

"என்ன தம்பி, நம்பிக்க இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"உங்க மேல இருக்கு அண்ணாச்சி. சிலிண்டர் மேலதான் இல்ல."

இத்தனை சந்தேகத்தையும் தை மாதத்திலிருந்து எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மதுரைப் பார்ட்டி வந்து சேருமுன் விலையைப் பேசிக் குறைத்து, அக்கா கையாலேயே முன்பணம் கொடுக்கச் செய்தார். ஆனி பிறக்குமுன் மிஷினை ஏற்றிவிடலாம் என்று பேச்சு.

திரும்பும்போது வேனில் அவர் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு போயிருச்சு" என்றார்.

"எது?"

"கேட்ச்சுதான். கடைசியாக் கொறச்ச வெலைக்கு எவனோ வாங்கிட்டான்."

போனை வாங்கிப் பார்த்தேன். விற்பனை விவரங்களில் நான் எங்கேயும் பார்க்காத புது அடையாளம். அன்றைக்குத்தான் கணக்குத் தொடங்கியிருந்தான். எதற்கு வாங்கினான், இந்த ஒன்றை மட்டும் ஏன், உண்மையிலேயே அந்தக் கேட்ச் பிடித்துப்போனவனா, இல்லை அத்தானை மறுபடி இழுக்கப் போட்ட தூண்டிலா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, முன்சீட்டிலிருந்து அக்கா திரும்பி என்னையே பார்த்தாள்.

"ஏடி, மனசு கேக்காம நீதான வாங்குன?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப உன் போனக் குடு, பாப்போம்" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.