மாட்டுக்கும் இடமுள்ள வீடு

மேட்டூரில் உபரி நீர் திறந்ததாகச் செய்தி வந்தால், அகிலாண்டம் கூடத்து டைல்ஸ் தரையில் வைக்கோலைப் பரப்பிவிடுவாள். பாபநாசத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த ஊரில் மாடி வைத்த வீடு அவளுடையது ஒன்றுதான். படுகையில் குடிசை போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அங்கேதான் வருகிறார்கள். ஆடுமாடுகள் கூடத்தில், மனிதர்கள் மாடியில். வெள்ளம் வடியும்வரை அடுப்பு அணையாது.

"தங்கமான மனசு" என்கிறது ஊர். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அன்பால் செய்வதும் பயத்தால் செய்வதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

ஆறு வருஷத்துக்கு முன்பு, மகன் சதீஷ் சிங்கப்பூரிலிருந்து கட்டிக்கொடுத்த இந்த வீட்டில் அவள் குடியேறிப் பதினோரு நாள். அன்றைய வெள்ளத்தில், அவள் வயலில் நடவு நடும் தர்மாம்பாள் பசுவோடு வாசலில் வந்து நின்றாள்.

"நீ வா தர்மு. மாட்ட வெளியில கட்டிடு. தரை புதுசு."

"நிறை சினைங்க. தண்ணியில எப்படி நிக்கும்?"

"மேடாப் பாத்துக் கட்டேன்."

தர்மாம்பாள் வாதாடவில்லை. மேடு தேடிப் போனாள். மூன்றாம் நாள் மூங்கில் புதரில் மாடும் அவளும் கிடைத்தார்கள். கயிறு கையிலேயே சுற்றியிருந்தது.

அதன்பிறகு மழைநாட்களில், பட்டப்பகலிலேயே, கூடத்தில் மாடு மூச்சுவிடும் சத்தம் அகிலாண்டத்துக்குக் கேட்கும். போய்ப் பார்த்தால் வெறும் தரை.

இந்த வருஷமும் எல்லோரும் வந்தார்கள். தர்மாம்பாளின் மகள் வானதி மட்டும் வரவில்லை. குத்தாலத்தில் வாழப் போனவள், புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு தாயின் குடிசைக்கே திரும்பியிருந்தாள். அகிலாண்டம் முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள். வானதி கரைமேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு நின்றிருந்தாள்.

"வாம்மா. தண்ணி ஏறுது."

"ஊருக்கே சோறு போடுறீங்க. எங்கம்மா வந்து சாப்பிடுமா பெரியம்மா?"

"சாப்பிடாது."

"தெரிஞ்சா சரி. நீங்க போங்க."

"நீ வராம நகரமாட்டேன்."

"அப்ப நில்லுங்க."

நின்றாள். தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. குழந்தை நடுங்கி அழுதது. வானதி வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள்.

கூடத்தில் ஒன்பது மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்று வானதி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னொண்ணும் கொள்ளும் போலிருக்கே" என்றாள்.

அகிலாண்டம் குழந்தைக்குக் கை நீட்டினாள். வானதி கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.